முள்கம்பிக்கு எந்தப் பக்கம் கேமரா?

மலேசியாவில் யாரையாவது நிறுத்தி ஒரு போர்ப்படத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் 'புக்கிட் கெப்போங்' என்பார்கள். கொஞ்சம் இளையவர்கள் 'லெப்டினன் அட்னான்' என்பார்கள். முதலாவது, 1981இல் ஜின்ஸ் ஷம்சுடின் இயக்கியது. 1950 பிப்ரவரி 23 அன்று ஜொகூரில் மூவார் ஆற்றங்கரைக் காவல் நிலையம் ஒன்றைக் கம்யூனிஸ்டுகள் தாக்கிய கதை. இரண்டாவது, 2000இல் வந்தது. 1942இல் சிங்கப்பூரில் ஜப்பானியரை எதிர்த்து மடிந்த மலாய்ப் படை அதிகாரியின் கதை. ஆகஸ்டு மாதம் வந்தால் தொலைக்காட்சியில் இப்படங்கள்தாம். பள்ளிக்கூடத்திலும் பார்த்தாயிற்று. அப்புறம் வேறு போர்ப்படமே இந்த நாட்டைப் பற்றி எடுக்கப்படவில்லை என்று நினைத்துக்கொண்டு வளர்ந்துவிடுகிறோம்.

2017இன் முதல் பாதியில், உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நாங்கள் சில மாணவர்கள் சேர்ந்து ஆறு வாரத் திரையிடல் ஒன்றை நடத்தினோம். பெரும்பாலும் பொறியியல், ஒருத்தி மட்டும் சட்டம். விதி ஒன்றே ஒன்று: ஆகஸ்டு மாதத்தில் டிவியில் போடும் படம் கூடாது. மலாயாவில் நடந்த போர்களைப் பற்றிய, யாரும் பேசாத படங்கள்தான் வேண்டும். அறை கிடைக்க ஒரு பாரம், புரொஜெக்டருக்கு ஒரு பாரம், படத்தின் பெயரும் கதைச் சுருக்கமும் தணிக்கை விவரமும் எழுத இன்னொரு பாரம். 'ஆவுக்கு' என்று நாங்கள் சொல்லும் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் நிழலில் படித்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

முதல் வாரம் 1958இல் வந்த 'சார்ஜன் ஹசான்'. பி. ரம்லியை நகைச்சுவைக்கும் பாட்டுக்கும் மட்டுமே தெரிந்தவர்களுக்கு அது ஒரு சின்ன அதிர்ச்சி. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த லாம்பெர்ட்டோ அவெயானா இயக்கியது. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. இந்தக் கட்டுரை இரண்டாவது வாரத்தில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது வாரம் போட்டது 'தி பிளான்டர்ஸ் வைஃப்'. 1952, இயக்கம் கென் அனாக்கின். 'துரையின் மனைவி' என்று நாங்கள் போஸ்டரில் எழுதினோம். அவசரகாலம் அறிவிக்கப்பட்டு நாலு வருடம்கூட ஆகாத நேரத்தில் எடுத்த படம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் எல்பில், பின் சூன் ஆகிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது முடிய 1960 ஜூலை 31 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டு நடந்ததைப் போர் என்று சொல்லாமல் 'அவசரகாலம்' என்று சொன்னதற்குக் காப்புறுதியும் ஒரு காரணம் என்பார்கள். போர் என்று அறிவித்திருந்தால் தோட்டங்களுக்கும் ஈய லம்பங்களுக்கும் லண்டன் காப்புறுதிக்காரர்கள் நஷ்டஈடு தரமாட்டார்கள்.

படம் எளிமையானது. ரப்பர் தோட்டத்து பங்களா, மணல் மூட்டைகள், முள்கம்பி, இரவில் தாக்கவரும் கம்யூனிஸ்டுகள், நடுவில் உடையப் பார்க்கும் ஒரு கல்யாணம். அமெரிக்கர்கள் மலாயாவை பிரிட்டனின் பழைய காலனித் தகராறாகப் பார்க்காமல் பனிப்போரின் ஒரு முனையாகப் பார்க்கவேண்டும் என்பது நோக்கம். அதற்காகத்தான் கிளாடெட் கோல்பெர்ட்டைக் கதாநாயகியாகப் போட்டார்கள். அமெரிக்காவில் 'அவுட்போஸ்ட் இன் மலாயா' என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள். பிரிட்டனில் நன்றாக ஓடிய படம். எங்கள் அறையில் அதிகம் கைதட்டு வாங்கியது பாம்புக்கும் கீரிக்கும் நடக்கும் சண்டை. இந்தியாவையோ மலாயாவையோ காட்டும் வெள்ளைக்காரப் படத்தில் இது இல்லாமல் இருக்காது போல.

மலாயாவில் படப்பிடிப்பு நடத்துவது ஆபத்து என்று வெளிப்புறக் காட்சிகளை இலங்கையில் எடுத்தார்கள். ஆக, மலாயாத் தோட்டமாக நாம் பார்ப்பது இலங்கைத் தோட்டம். 1948இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியிருந்தது. ஒரு நாட்டில் குடியுரிமை பறிபோன தோட்டத் தமிழர்களின் மண், இன்னொரு நாட்டுத் தோட்டத் தமிழர்களின் மண்ணாகத் திரையில் நடிக்கிறது. படத்தில் நாயர் என்றொரு பாத்திரம் வருகிறது. நடித்தவர் ராம் கோபால், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று உலகம் சுற்றிய நடனக் கலைஞர். அவரைக் கூட்டிவந்து பெயர் சொல்லுமளவு ஒரு வேடம் கொடுத்திருக்கிறார்கள். மற்றபடி பால் வெட்டுகிறவர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகப் போகிறார்கள். இந்தப் படத்தைப் பார்க்கிறவருக்கு லயத்தில் யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யாருக்குப் பயந்தார்கள் என்று ஒன்றும் தெரியாது.

எனக்கு அது முதலில் உறைக்கவில்லை. உறைக்க வைத்தது லெம்பா பெர்த்தாமில் இருக்கும் என் பாட்டி.

கேமரன் மலைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாப்பாவிலிருந்து மேலே ஏறினால் முதலில் ரிங்லெட். அங்கிருந்து இறங்கும் பள்ளத்தாக்கு லெம்பா பெர்த்தாம். இப்போது பள்ளத்தாக்கு முழுக்க காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரம்தான். மேலே போ தேயிலைத் தோட்டங்கள், 1929இல் ஜே.ஏ. ரசல் தொடங்கியது. பாட்டி கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். அவசரகாலத்தில் சிறுபிள்ளை. அப்போது தாப்பா சாலையில் வண்டிகள் தனியாக ஏறமுடியாது, ராணுவக் காவலோடு வரிசையாகத்தான் போகவேண்டும். செமஸ்டர் நடுவில் வந்த விடுமுறையில் மடிக்கணினியில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் பொறுமையாகப் பார்த்தார். பங்களாவைச் சுற்றி முள்கம்பி போடும் இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது தொரை ஊட்டுக்குப் போட்ட கம்பி. நம்ம லயத்துக்குப் போட்டது எங்கய்யா?"

"அது படத்துல இல்ல பாட்டி."

"கேட்டுல சோதன போடறது?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னா படம் எடுத்தானுங்க!"

கேட்டில் நடந்ததை அவர் சொன்னார். காலையில் பெரட்டு முடிந்து வேலைக்காட்டுக்குப் போகும்போது பை, துணி மூட்டை எல்லாவற்றையும் பிரித்துக் காட்டவேண்டும். பெண்களைப் பெண்ணே தடவிப் பார்ப்பாள். சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருப்பவனுக்குப் போய்ச்சேரும் என்று பயம். பசிக்கும் பிள்ளைகளோடு மத்தியானம்வரை இருந்துவிட்டு வரவேண்டும். இது கேமரன் மலையில் மட்டும் நடந்ததில்லை. 1950இல் ஹெரால்ட் பிரிக்ஸ் போட்ட திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் காட்டோரச் சீனர்கள், புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். கம்போங் பாரு என்ற பெயரோடு அந்த ஊர்கள் இன்றும் இருக்கின்றன, எங்கள் மலையிலும் உண்டு. அதிகம் பேசப்படாத இரண்டாம் பாதி தோட்டங்களில் நடந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் கம்பியடித்து, விளக்குப் போட்டு, வாசலில் காவல் வைத்தார்கள். 'ரீகுரூப்பிங்' என்று அதற்குப் பெயர். இந்த வகையில் இடம் மாற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர்களும் லம்பத் தொழிலாளர்களும் லட்சக்கணக்கில்.

ஒரே முள்கம்பிதான். துரையின் பங்களாவில் வெளியே இருப்பவன் உள்ளே வராமல் இருக்க அடித்தது. லயத்தில், உள்ளே இருப்பவன் கையில் ஒரு பிடி அரிசியோடு வெளியே போகாமல் இருக்க அடித்தது. 1952இல் எடுத்த படத்தில் கேமரா முதல் கம்பிக்கு உள்ளே நிற்கிறது, இரண்டாவது கம்பியின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. விடுமுறை முடிந்து திரும்பியபோது மீதி வாரங்களின் படங்களை எல்லாம் நான் இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

கம்பிக்குள் சினிமா வரவில்லையா என்றால், வந்தது. தகவல் இலாகா வண்டி வரும். 1946இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மலாயன் ஃபிலிம் யூனிட் (பின்னாளில் பிலேம் நெகாரா) எடுத்த செய்திப்படங்கள், சுகாதாரப் படங்கள், சரணடைந்த கம்யூனிஸ்டுகளைப் பற்றிய படங்கள் எல்லாவற்றுக்கும் மலாய், சீன மொழிகளோடு தமிழிலும் குரல் கொடுத்தார்கள். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். முன்னால் இடமில்லாதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்களாம், எல்லாம் இடம்வலம் மாறித் தெரியும். பாட்டிக்குப் படத்தின் பெயர்கள் ஞாபகமில்லை. கொசு எப்படிக் காய்ச்சல் கொண்டுவருகிறது என்று பெரிய கொசுவைக் காட்டியதும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் அலறியதும் ஞாபகம் இருக்கிறது. அவசரகாலத்தில் தோட்டத் தமிழருக்கு அரசாங்கம் தமிழிலேயே, இலவசமாக, வீட்டுவாசலுக்கே வந்து படம் காட்டியது. அதற்குப் பிறகு வந்த எந்த அரசாங்கமும் அவ்வளவு சிரத்தையாக நமக்குப் படம் காட்டியிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். என்ன, அந்தச் சிரத்தைக்கும் கேட்டில் நடந்த சோதனைக்கும் திட்டம் ஒன்றே. பிரிக்ஸுக்குப் பிறகு வந்த டெம்ப்ளர் காலத்தில் 'மனங்களை வெல்வது' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

மூன்றாவது வாரம் 1956இல் வந்த 'எ டவுன் லைக் ஆலிஸ்'. ஜப்பானியர் பிடித்த பெண்களையும் பிள்ளைகளையும் மலாயா முழுக்க நடக்கவைக்கும் கதை. உண்மையில் அப்படி அலைக்கழிக்கப்பட்டவர்கள் சுமத்ராவிலிருந்த டச்சுப் பெண்கள். நெவில் ஷூட் தன் நாவலுக்காக அதை மலாயாவுக்கு மாற்றினார். அவர் விமானப் பொறியாளர். நான்காவது வாரம் பேசிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் மூலநாவலை எழுதிய பியேர் பூலும் பொறியாளர், போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். எங்கள் வகுப்புப் பையன்களுக்கு இதில் ஏக மகிழ்ச்சி. 'நாமளும் எழுதலாம் போலிருக்கே' என்றார்கள்.

'குவாய்' பிரபலமான படம், எங்கள் விதிக்கு வெளியே. ஆனாலும் அரைமணி நேரத் துண்டு ஒன்றைப் போட்டு அதைப் பற்றிப் பேசினோம். பேசாமல் இருக்க முடியாது. சயாமில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் தண்டவாளம் இணைந்தது. வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60 ஆயிரம் பேர், செத்தவர்கள் 12 ஆயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. அவர்களில் செத்தவர்கள் 90 ஆயிரம் அளவில் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். டேவிட் லீனின் படத்தில் அவர்கள் இல்லை. பூல் மலாயாத் தோட்டத்தில் தமிழர்களை தினமும் பார்த்த மனிதர், அதுதான் எனக்குப் புரியாத விஷயம். படப்பிடிப்பும் மறுபடியும் இலங்கையில்தான், கித்துல்கலையில் களனி ஆற்றின்மேல். பொறியாளராக இன்னொரு குறையும் சொல்லியாகவேண்டும்: ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியாது, ஆங்கிலேயர் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது படத்தின் அச்சாணி. அது பொய். ஜப்பானியப் பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள். காஞ்சனபுரியில் இன்றும் நிற்கும் இரும்புப் பாலத்தின் வளைந்த சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பொருத்தியவை. அந்தப் பாலம் இருந்த ஆற்றுக்கு குவாய் என்ற பெயரே அப்போது கிடையாது. படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாப் பயணிகள் தேடியதால் 1960இல் ஆற்றின் பெயரை மாற்றினார்கள். ஒரு படத்துக்கு ஆற்றின் பெயரை மாற்றும் வலிமை இருந்திருக்கிறது.

ஐந்தாவது வாரம் 'தி செவன்த் டான்'. 1964, இயக்கம் லூயிஸ் கில்பர்ட், இந்தமுறை படப்பிடிப்பு மலாயாவிலேயே. மைக்கேல் கியோனின் 'தி டுரியான் ட்ரீ' நாவல்தான் மூலம். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் ஒன்றாகப் போராடிய மூன்று நண்பர்கள். போர் முடிந்ததும் ஒருவர் ரப்பர் தோட்ட முதலாளி (வில்லியம் ஹோல்டன்), இன்னொருவர் கம்யூனிஸ்டுத் தலைவர், மூன்றாவது ஒரு பெண். பெயர் தனா. யுரேசியப் பெண் என்று கதை சொல்கிறது, பெயர் நம் பக்கத்துத் தெருப் பெண்ணின் பெயர் போல இருக்கிறது, நடித்தவர் கப்புசீன் என்ற பிரெஞ்சு நடிகை. தனா கையெறி குண்டோடு பிடிபடுகிறாள். ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்குத் தூக்கு. ஏழு நாளுக்குள் கம்யூனிஸ்டுத் தலைவனைப் பிடித்துக் கொடுத்தால் அவளைக் காப்பாற்றலாம் என்று முதலாளி காட்டுக்குள் போகிறார். ஏழாவது விடியலில் அவள் தூக்கிலிடப்படுகிறாள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் சட்டம் படித்த தோழி எழுந்து இரண்டு பெயர்களை வெள்ளைப் பலகையில் எழுதினாள். கணபதி. சாம்பசிவம்.

எஸ்.ஏ. கணபதி தஞ்சாவூர்ப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில் அந்தச் சம்மேளனத்தின் பதிவு ரத்து செய்யப்பட்டது. 1949 மார்ச் 1 அன்று ரவாங் பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். போலீஸில் ஒப்படைக்கக் கொண்டுபோனேன் என்பது அவர் தரப்பு. இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பிடிபட்டதிலிருந்து தூக்குவரை 64 நாள். சாம்பசிவமும் துப்பாக்கி வைத்திருந்தார் என்றுதான் ஜொகூரில் மரண தண்டனை பெற்றார். தோட்டாக்கள் வைத்திருந்த குற்றச்சாட்டில் முதல் விசாரணையிலேயே விடுதலையானவர். துப்பாக்கிக் குற்றச்சாட்டை மறுபடி விசாரித்தபோது, தோட்டாவும் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்ட வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்காமல் அவரை விடுவித்தது. ஒருமுறை விடுதலை என்றால் அந்தத் தீர்ப்பு அரசுத் தரப்பைக் கட்டும் என்பதற்கு அந்த வழக்கைத்தான் காமன்வெல்த் நாடுகளில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 'எங்க பாடப் புத்தகத்தில இருக்கு. ஆனா அவர் தமிழர், தூக்கு மேடைப் பக்கம் வந்து திரும்பினவர்னு யாரும் வகுப்பில சொல்லல' என்றாள்.

கியோனின் நாவல் கணபதியின் கதை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து படங்களில் காட்டுப் பக்கத்து மனிதருக்கு முகம் கொடுத்த ஒரே படம் இது. தூக்குக்குப் போகிறவளின் பயத்தையும் பிடிவாதத்தையும் காட்டிய படம். அதற்காக எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அப்படிக் காட்டும்போதும் தூக்குக்குப் போகிற தொழிற்சங்கக்காரத் தமிழர் ஒருவரைத் திரையில் வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹோல்டன் காதலிக்க ஒரு பெண் தேவைப்பட்டாள்.

இனி, திரையிடாத படங்கள். முதல் பட்டியலில் மூன்று இருந்தன. அமீர் முகமதுவின் 'லெலாகி கொமுனிஸ் தெராக்கிர்', 2006: சின் பெங் வாழ்ந்த ஊர்களின் வழியாகப் போகும் பாட்டுகள் கலந்த ஆவணப்படம், சின் பெங்கே அதில் கிடையாது. தணிக்கையில் வெட்டில்லாமல் தேறிய பிறகு உள்துறை அமைச்சு தடை செய்தது. இரண்டாவது, காட்டுக்குப் போன தன் தாத்தாவைத் தேடி லாவ் கெக் ஹுவாட் எடுத்த 'ஆப்சென்ட் விதவுட் லீவ்'. அதுவும் தடை. மூன்றாவது அவசரகாலம் பற்றியதல்ல, ஆனால் எங்களில் பலர் போடவேண்டும் என்று விரும்பியது: கல்லம் மக்ரேயின் 'நோ ஃபயர் சோன்', 2009இல் இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றியது.

அந்தப் படத்தை 2013 ஜூலை 3 அன்று கோலாலம்பூரில் பூசாட் கோமாஸ் அமைப்பு திரையிட்டது. அதிகாரிகள் வந்தார்கள். அமைப்பின் லீனா ஹென்ரிமேல் 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்கு. தணிக்கைக் குழு பார்க்காத படத்தைக் காட்டியது குற்றம். மூன்று வருடம் வரை சிறையோ 30 ஆயிரம் ரிங்கிட் வரை அபராதமோ. 2016இல் கீழ் நீதிமன்றம் விடுவித்தது, மேல் நீதிமன்றம் அதைத் திருப்பியது, 2017 பிப்ரவரி 21இல் குற்றவாளி என்று தீர்ப்பு, மார்ச் 22இல் 10 ஆயிரம் ரிங்கிட் அபராதம். நாங்கள் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்த அதே வாரங்கள். பொறுப்பு விரிவுரையாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, மூன்று பெயர்களுக்கும் பென்சிலால் மெதுவாகக் கோடு போட்டார். 'பிள்ளைங்களா, உங்க டிகிரி முக்கியம்' என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அவருக்கும் வேலை முக்கியம்.

'துரையின் மனைவி'யைப் போட எந்தத் தடையும் வரவில்லை என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும். காலனிக் காலத்தில் அமெரிக்கர்களை மயக்க எடுத்த பிரசாரப் படம் சுதந்திர நாட்டில் பழைய பொழுதுபோக்காகிவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் போய், காட்டில் இருந்தவரின் பேரன் எடுத்த படம் ஆபத்தானது. தகவல் இலாகா வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரிந்த உண்மைதான் இது. படத்தைவிட, அதை யார் யாருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள் என்பதில்தான் அதிகாரத்துக்கு அக்கறை.

ஆறாவது வாரத்துக்குப் படம் இல்லாமல் போயிற்று. சயாமுக்குப் போனவர்களைப் பற்றித் தமிழில் ஆவணப்படங்கள் வந்திருக்கின்றன, ஆனால் எங்களுக்குக் கதைப்படம் வேண்டியிருந்தது. கதை நாவல்களில்தான் கிடைத்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' சயாமுக்கு, 'லங்காட் நதிக்கரை' அவசரகாலத்துக்கு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இன்னொன்று. இங்கே சினிமா போகாத லயத்துக்குள் நாவல்தான் போயிருக்கிறது, அதுவும் நாம் பெரிதாகக் கவனிக்காமலேயே. புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'சயாம் மரண ரயில்' நாவலிலிருந்து சில அத்தியாயங்களை மாறிமாறி வாசிப்பது என்று முடிவு செய்தோம். அறைக்கான பாரம் மட்டும் போதும் என்றார்கள். வாசிக்கும் புத்தகத்தின் பெயரை எழுத அதில் கட்டமே இல்லை.

பதினோரு பேர் வந்தார்கள். பத்தரைக்குப் பாதுகாவலர் வந்து அறையைப் பூட்டவேண்டும் என்றார். ஓர் அத்தியாயம் பாதியில் இருந்தது. மீதியை வெளியே காரிடார் விளக்கில் நின்றுகொண்டு வாசித்து முடித்தோம்.